கார்புரேட்டரைப் பார்த்ததும்

எந்தப் பொருளையும் கையில் வாங்கிய மூன்றாவது வினாடியில் அது இன்னதென்று அறிவித்துவிடும் மனிதர்களைப் பற்றி இதுவரை யாரும் முறையாக எழுதிவைக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனாவை வாங்கிப் பார்த்து, இது போலி, நிப்பைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் எங்கே எழுதுவது? துருப்பிடித்த சாவியைக் காட்டினால் அது எந்தப் பூட்டுக்கு உரியது என்பார்கள், சுவரில் ஈரம் கசிந்தால் எந்தக் குழாய் எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்பார்கள், வீங்கிய முழங்கையைக் காட்டினால் நோயின் பெயரையும் அது போக எத்தனை நாளாகும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள், உங்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தில் நிற்கும் உங்கள் பெரியப்பாவைச் சுட்டிக்காட்டி அவர் யார் என்று உங்களுக்கே விளக்குவார்கள். தவறாகத்தான் சொல்வார்கள். அதனால் என்ன? அந்த வேகம் உங்களுக்கு வருமா?

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவரைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் மூன்றே மூன்று மாதம், யாரோ ஒரு அம்மாள் பிரசவ விடுப்பில் போனதால், வாகனப் பிரிவில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். விபத்தில் நசுங்கிய கார்களின் புகைப்படங்களில் துளையிட்டு, நூல் கோத்து, கோப்பில் கட்டுவது வேலை. அன்றிலிருந்து அவர் கார் நிபுணர். கார் ஓட்டத் தெரியாது என்பதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும், காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்.

தெருவில் அவருக்கு 'பாத்ததும்' என்று பெயர். எந்தப் பேச்சையும் "நான் பாத்ததும் சொல்லிட்டேன்" என்று தொடங்குவதால் வந்த பெயர். "பாத்ததும் வர்றாரு" என்று யாராவது குரல் கொடுத்தால் தையல்கடைக்காரர் வெட்டிக்கொண்டிருக்கும் துணியை மடித்து உள்ளே வைத்துவிடுவார். அவருடைய மனைவி மட்டும் பட்டப்பெயர் சொல்வதில்லை. அந்த அம்மாள் பேசுவதே குறைவு. கணவர் வெளியே கிளம்பும்போது தினமும் ஒரே கேள்விதான்: "கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?" எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். படிக்கும் கண்ணாடி இல்லாமல் அவருக்குச் செய்தித்தாளின் தலைப்பு தெரியும், அதற்குக் கீழே எதுவும் தெரியாது. தலைப்பு போதாதா?

அவருடைய தங்கை இதற்கு நேர் எதிரான தொழிலில் இருந்தாள். மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம். சிறு குப்பியில் ஒட்டிய சீட்டைப் படித்து, பதிவேட்டில் ஒப்பிட்டு, மறுபடியும் சீட்டைப் படித்த பிறகுதான் மூடியைத் திறப்பாள். வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சீட்டு உண்டு. அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அவள் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், உருண்டை விளக்குகளும் நான்கு கதவுகளுமாக ஒரு பழைய காரை அவர் விட்டுப் போயிருந்தார். பதினோரு வருடம், ஞாயிறு தவறாமல், அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அது ஓடி அவள் பார்த்ததில்லை. ஓடாத காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து கணவருக்கு டீ கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவர் போன பிறகு, நாற்பத்தொன்பது வயதில், ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். அண்ணனுக்குத் தெரியாமல்தான் வாங்கினாள். தெரிந்திருந்தால் அவள் காலைப் பார்த்ததும், உனக்கு கிளட்ச் வராது என்று சொல்லியிருப்பார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடைத்தெரு முனையில் பட்டறை வைத்திருப்பவர். வேலை தெரிந்தவர், வாய் அதிகம் திறக்காதவர். இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சுத்தமா முடிச்சு வெச்சிருக்காருக்கா. கார்புரேட்டர் மட்டும் இல்ல. பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கறதே அதுதானே, அது இல்லாம எப்படிக் கிளம்பும்? தேடிப் பாருங்க, இங்கதான் எங்கயாவது பத்திரமா வெச்சிருப்பாரு."

அடுத்த ஞாயிறு காலையில் அது கிடைத்தது. பரணில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவுக்குள், பழைய பனியன் துணியில் சுற்றி. தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கிண்ணமும் அதன்மேல் ஒரு குழாயுமாக, கறுத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து. அவள் செய்த முதல் காரியம் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து துடைத்ததுதான். மூடியை இறுக்கும் திருகு ஒன்றுக்கு அடியில் விரல் நகம் அளவில் ஒரு பித்தளைச் சீட்டு வெளிப்பட்டது. அதில் எழுத்தும் எண்ணுமாக ஏழு. பார்த்ததும் அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று. சீட்டு இருக்கும் பொருளை அவள் என்றைக்கும் நம்புவாள். அந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு தவறு செய்தாள். சந்தோஷத்தில் அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அண்ணி போனை வைப்பதற்குள் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இனம் ஒரு பொருளை அடையாளம் காணும் சடங்கை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் பொருளை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள்; எடையிலிருந்து எதுவும் தெரியவராது, ஆனால் பார்ப்பார்கள். பிறகு மோந்து பார்ப்பார்கள். பிறகு காதருகே வைத்து நகத்தால் தட்டுவார்கள், முலாம்பழம் வாங்குகிறவர்களைப் போல. அதற்குப் பிறகு ஒரு நீண்ட "ம்ம்ம்". அந்த 'ம்ம்ம்' முடியும்போது மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி வரும்: "இது எங்க கெடச்சுது?" நீங்கள் வெள்ளந்தியாகப் பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் கழித்து, கொஞ்சம் அலங்காரம் பண்ணி, உங்களுக்கே திருப்பித் தருவார்கள். நீங்கள் அசந்துபோவீர்கள்.

"எங்க கெடச்சுது?" என்றார் பாத்ததும்.

"பரணிலண்ணா. டப்பால தனியா வெச்சிருந்தாரு."

"தனியா." அவர் தலையை ஆட்டினார். "ஏன் தனியா வெச்சாரு? இந்த வண்டியோடதுன்னா இந்த வண்டியிலதான இருக்கும்? பாத்ததும் சொல்றேன் கேட்டுக்க. இது இதோடது இல்ல. ஆறு சிலிண்டர் பந்தயக் காரோடது. உலகத்துலயே நாலு இருந்தா அதிகம்."

"இதுல நம்பர் இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். மஞ்சளாக ஏதோ மினுங்கியது. "நம்பரெல்லாம் தொழிற்சாலைக்காரன் அவன் கணக்குக்கு அடிச்சுக்கறது. அத வெச்சு நாம என்ன பண்றது?"

"வண்டியோட உதிரிபாகப் புஸ்தகம் உங்ககிட்டதானே இருக்கு? படிச்சுட்டுத் தரேன்னு எடுத்துட்டுப் போனீங்களே. அதுல பாத்தா தெரிஞ்சிடும்."

"முழுக்கப் படிச்சிட்டேன். அதுல ஒண்ணும் இல்ல."

"சரி, இன்ஜின் மேல வெச்சுப் பாத்துட்டா?"

பாத்ததும் தங்கையை இரக்கத்தோடு பார்த்தார். "வெச்சுப் பாக்கறதா? அதெல்லாம் தெரியாதவன் செய்யற வேலைம்மா."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மெக்கானிக் வந்ததும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அதை டப்பாவிலேயே திருப்பி வைத்தாள். அங்கேதான் அண்ணனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டாள். இந்த இனத்துக்கு அபிப்பிராயம் சொல்வதோடு வேலை முடிவதில்லை. சொன்னதை உண்மையாக்க ஓடி ஓடி உழைப்பார்கள். செவ்வாய்க்கிழமை அவள் பணியில் இருந்த நேரம், தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் ஷெட்டைத் திறந்து, கார்புரேட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பல் டாக்டர் ஒருவரிடம் போனார். பழைய கார் சாமான் சேகரிக்கும் பல் டாக்டர். ஊரில் யாராவது பட்டறை மூடினால் இரும்பு சாமானைக் கூடையோடு வாங்கிவந்து ஒரு அறையில் நிரப்பி வைத்திருந்தார். எது எது என்று அவருக்கே தெரியாது, அதை ஒளிக்காமல் ஒத்துக்கொள்வார். பாத்ததும் பந்தயக் காரின் கதையைச் சொன்னார், உலகத்தில் நாலே நாலு என்றார். டாக்டரின் கண் விரிந்தது. பதிலுக்கு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பாத்ததும் கூடைகளுக்கு நடுவே நடந்தார், நின்றார், குனிந்தார், ஒன்றை எடுத்தார். "இதுதான் என் மாப்பிள்ளையோட வண்டிக்கு. பாத்ததும் தெரியுது."

வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவர் மனம் எவ்வளவு நிறைந்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? தகப்பன் இல்லாத தங்கை, கணவனும் இல்லாத தங்கை, அவளுக்காக வெயிலில் அலைகிறோம் என்று பேருந்தில் அவருக்குக் கண்கூடக் கலங்கிற்று. அது பொய்க்கலக்கம் இல்லை. இவர்களிடம் இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான், அன்பும் இருக்கும்.

ஞாயிறு காலை மெக்கானிக் வந்தபோது இன்ஜின்மேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலமும் பக்கத்தில் பாத்ததும் அவர்களும் தயாராக இருந்தார்கள். தங்கை பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது நான் எடுத்து வெச்சது இல்லையே."

"அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. மாட்டட்டும், அப்புறம் சொல்றேன்."

மெக்கானிக் அதை இன்ஜினின் வாயில் உட்கார்த்திப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "போல்ட் ஓட்டை சேரலை சார்."

"எவ்வளவு சேரலை?"

"ஒரு விரல்கடை."

"அவ்வளவுதான? அரத்தைப் போட்டு ஓட்டைய இழு. அந்தக் காலத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்."

மெக்கானிக் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன், வேறு யாரும் பார்க்க இல்லாததால், இன்ஜினைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் பதின்மூன்று வருடமாகக் கேட்காத சத்தத்தை இன்றைக்கே கேட்டுவிடலாம் என்ற ஆசையும் கூடவே வந்தது. ஒதுங்கி இடம் விட்டாள். முக்கால் மணி நேரம் அரம் ஓடியது. மாட்டினார்கள். தங்கை ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு முறை முனகிற்று, மூன்றாவது முறை இருமிற்று. "எடுத்துக்கிச்சு" என்று பாத்ததும் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பெட்ரோலை அளவோடு நிறுத்த வேண்டிய மிதவை வேலை செய்யாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருந்ததை மெக்கானிக் பார்த்து வாயைத் திறப்பதற்குள், கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வந்து போயிற்று.

மெக்கானிக் ஈரச் சாக்கை எடுத்து அமுக்கினார். புகை அடங்கியபோது பாத்ததும் சுவரோரம் நின்றிருந்தார். வலது புருவம் இல்லை. தீய்ந்த மயிர் நாற்றம் ஷெட் முழுதும்.

மெக்கானிக் அந்தக் கரிக்கட்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "இது காரோடதே இல்ல சார். வயக்காட்டுல தண்ணி எறைக்கிற இன்ஜினோடது."

"எனக்கும் பாத்ததும் அப்படி ஒரு சந்தேகம் இருந்துது" என்றார் பாத்ததும்.

உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார். புருவத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

தங்கை இறங்கிவந்தாள். "என்னோடது எங்கண்ணா?"

சொன்னார். பல் டாக்டர், பந்தயக் கார், கூடை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்லத் தனக்கே அது அவ்வளவு நன்றாக இல்லை என்று பட்டதால் கடைசியில், "உனக்காகத்தான் செஞ்சேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவருக்கு நெஞ்சு வலிச்ச அன்னைக்கும் வந்து பாத்தீங்க. பாத்ததும் சொன்னீங்க, வாய்வுன்னு. வெந்நி குடிச்சுட்டுப் படுக்கச் சொன்னீங்க. வாங்க, ஒரு ஈசிஜி எடுத்துடலாம்னு நான் சொன்னேன். அவரு உங்க பேச்சத்தான் கேட்டாரு. ரெண்டு நாள்."

மெக்கானிக் சாக்கை மடிக்க ஆரம்பித்தார்.

"முன்னாடியே வந்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னுதானம்மா டாக்டரே சொன்னாரு" என்றார் அண்ணன், மெதுவாக.

"ஆமா. சொல்ல முடியாதுன்னு சொன்னாரு. அவரு டாக்டர்ங்கறதால அப்படி சொல்லத் தெரிஞ்சிருக்கு."

பாத்ததும் வாயைத் திறந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. தங்கையின் தலை முன்பக்கம் முழுதும் நரைத்துவிட்டதை அப்போதுதான் கவனித்தார். எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்ற உணர்ச்சி அவருக்குப் புதிது, காலில் கல் குத்துகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடந்தே போனார். மாலை டீயைக் குடிக்கவில்லை. மனைவி வந்து புருவத்துக்கு மருந்து போட்டாள். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை தையல்கடைக்குப் போனவர், தையல்காரரின் கையில் இருந்த துணியை வெறுமே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். தையல்காரருக்குப் பயமாகிவிட்டது, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

இந்த நிலை புதன்கிழமை காலை பதினொன்று வரை நீடித்தது. இந்த இனத்தில் அது ஒரு சாதனை.

புதன்கிழமை தங்கை லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி அவள் கேட்பதற்கு முன்பே, மேசை விசிறிக்கு உயரம் போதாமல் அடியில் செருகியிருந்த உதிரிபாகப் புத்தகத்தை உருவி, தூசி தட்டி, கையில் கொடுத்தாள். பாதிப் பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டியபடியே, பிரிக்காமல் இருந்தன. தங்கை சமையலறை மேடையில் வைத்துக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முன்பே யாரோ பிரித்துவைத்திருந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்த ஏழும் வரிசை மாறாமல் இருந்தன. பக்கத்தில் படம். படத்துக்குக் கீழே பென்சிலால் அவள் கணவரின் கையெழுத்து: 'கழற்றி வைத்தாயிற்று. வாஷர் மட்டும் வாங்க வேண்டும்.'

அண்ணனும் கூட வருகிறேன் என்றார். அவள் தடுக்கவில்லை.

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பேழைக்குள் வெல்வெட் விரிப்பின்மேல் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு அட்டை. எழுத்து பெரிதாக இருந்ததால் பாத்ததும் அவர்களுக்கே தெரிந்தது: 'பந்தயக் காரின் கார்புரேட்டர். உலகில் நான்கு மட்டுமே.' தங்கை நேரே உள்ளே போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கன்னம் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி வீங்கியிருந்தது. பாத்ததும் ஒரு தடவை பார்த்தார். கண்ணைத் திருப்பி மீனைப் பார்த்தார். மீனிலிருந்து கன்னத்துக்கு வந்தார். பத்து நிமிடம் பொறுத்தார். அவரும் மனிதர்தானே?

"கடவாப் பல்லு" என்றார். "கீழ் வரிசை, கடைசி. பாத்ததும் தெரியுது. புடுங்கித்தான் ஆகணும்."

"எனக்குப் பல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் அந்த மனிதர். "வீட்டுக்காரிய கூட்டிட்டு வந்தேன். இது தேனீ கொட்டினது."

உள்ளே டாக்டர் பேழையிலிருந்து கார்புரேட்டரை வரவழைத்து, புத்தகத்தையும் பித்தளைச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு மனம் வரவில்லைதான். "உங்க அண்ணன் அவ்வளவு உறுதியா சொன்னாரேம்மா."

"பாத்ததும் சொல்லுவாரு டாக்டர்" என்றாள் தங்கை. "பாத்துட்டுச் சொல்லமாட்டாரு."

கதவு திறந்தே இருந்தது. அண்ணனுக்கு அது கேட்டது. கேட்கவில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

வாஷர்கள் வந்துசேர ஐந்து வாரம் ஆயிற்று. மெக்கானிக் கார்புரேட்டரை இன்ஜின்மேல் வைத்தார். அரம் இல்லாமல், அடி இல்லாமல், டப்பாவில் மூடி உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டது. தங்கை சாவியைத் திருப்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் உடனே கியர் போடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அன்று மாலை அவள் அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். அண்ணியை முன் இருக்கையில் உட்கார்த்திக்கொண்டாள். அண்ணன் பின்னால் ஏறினார். கடைத்தெரு, தபால் நிலையம், பாலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த ஒருவர் குனிந்து, "அருமையா வெச்சிருக்கீங்க. எந்த வருஷத்து வண்டிங்க?" என்று கேட்டார்.

கேள்வி தங்கையைப் பார்த்துத்தான். ஆனால் பின் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. புருவம் அரைகுறையாக முளைத்திருந்தது.

"வருஷத்த விடுங்க, உள்ள ஒரு கார்புரேட்டர் இருக்கு பாருங்க, அதுலதான் விஷயமே. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் பந்தயக் கார்ன்னாரு, ஒருத்தர் தண்ணி எறைக்கிற இன்ஜின்னாரு. நான்தான் பாத்ததும்..."

விளக்கு பச்சையானது. தங்கை கிளட்சை விட்டாள். ஸ்கூட்டர்காரருக்கு மிச்சம் கேட்கவில்லை. முன் இருக்கையில் அண்ணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவரை விடுங்கள், அவர் திருந்தப்போவதில்லை. உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரரோ கண்முன்னால் வந்து நின்றிருப்பார். 'இது அச்சு அசல் அவரேதான்' என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எந்த இடத்தில் சொன்னீர்கள்? முதல் பத்தி முடிவதற்குள் என்றால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய், முதுகுக்குப் பின்னால் என்னை என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே என்றுதான் சொல்வார்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.